வேறுபாடு தருக

"அத்தை, வேறுபாடு தருக. பத்து மார்க்" என்று நோட்டும் ஸ்கேலுமாக வந்து உட்கார்ந்தாள் அண்ணன் மகள்.

பூண்டு எடுப்புக்காக ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு வட்டவடையில், கோவிலூர். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வந்து, பாம்பாடும்சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால், மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு வயலும் தகர வீடுகளுமாகத் தெரியும். கணக்குக்கு இடுக்கி மாவட்டம், கேரளம். வீட்டில், வயலில், சாமி கும்பிடுகிற இடத்தில் எல்லாம் தமிழ்தான். இவள் படிப்பது எட்டாவது, தமிழ் மீடியம். உங்கள் ஊரில் காணப்படும் இரண்டு உயிரினங்களைத் தேர்ந்தெடுத்து வேறுபாடு தருக என்று அறிவியல் டீச்சர் வீட்டு வேலை கொடுத்திருக்கிறார். நடுவில் கோடு கிழித்து ரெடியாக வைத்திருந்தாள். இடப்பக்கத் தலைப்பில் 'வாட்டில் மரம்' என்று எழுதியாகிவிட்டது. வலப்பக்கம் காலி.

"எருமைன்னு எழுது" என்றார் பெரியப்பா, பூண்டுத் தாளைப் பின்னிக்கொண்டே. "வரையாடுன்னு எழுதினாத்தான் மார்க் வரும்" என்றான் அவள் தம்பி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த மரத்தோட வேர்லயே ஒரு பாக்டீரியா இருக்கு. அதை எழுது" என்று சொல்லிவிட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை. பாக்டீரியாவைக் காட்டினால்தான் எழுதுவேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

பாக்டீரியாவைக் காட்ட முடியாது, அதன் வீட்டைக் காட்டலாம். சாயங்காலம் எங்கள் பட்டா நிலத்தின் மேல்வரப்புக்குப் போனோம். அங்கே நாலைந்து வாட்டில் மரம் நிற்கிறது. யாரும் நட்டதல்ல. மேலே பழைய தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவை. மரத்தடியில் முழங்கால் உயரக் கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுற்றிலும் களைக்கொத்தால் மெதுவாகக் கிளறி, மண்ணோடு தூக்கி, கால்வாய்த் தண்ணீரில் அலசினேன். இழுத்துப் பிடுங்கினால் நமக்கு வேண்டியது மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். அலசி முடித்ததும் சல்லிவேரில் ஒட்டிக்கொண்டு தெரிந்தன வேர்முடிச்சுகள், கடுகளவில் சில, மிளகளவில் சில. ஒன்றிரண்டு இஞ்சி மாதிரிக் கிளைவிட்டிருந்தன. பெரியதாக ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு.

"ரத்தமா அத்தை?"

கிட்டத்தட்ட. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வரிசை பெயர். இதிலேயே அரைமணி நேரம் போனது. நாங்கள் வாட்டில் என்கிறோம். நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்பார்கள். இலையைப் பார்த்தால் சீகைக்காய்க் கொடி நினைவுக்கு வரத்தான் செய்யும். வாட்டில் என்பது முதலில் மரத்தின் பெயரே இல்லை. மெல்லிய வளாரை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, மேலே மண் பூசிச் சுவர் வைப்பதற்கு இங்கிலாந்தில் இருந்த பெயர். நம் ஊர்த் தட்டிச் சுவர்தான். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் அங்கிருந்த மரங்களின் கொம்பை வெட்டி இப்படிச் சுவர் பின்னினார்கள். சுவரின் பெயர் மரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் அதிகம் இருப்பது கறுப்பு வாட்டில், அறிவியல் பெயர் அக்கேசியா மியர்ன்சி. 1925இல் பெல்ஜியத் தாவரவியலாளர் டி வில்ட்மன் வைத்தது. மியர்ன்ஸ் என்பவர் அமெரிக்க ராணுவ டாக்டர், செடி கொடி சேகரிப்பதில் பைத்தியம். பெயர் வைக்க உதவிய மாதிரியை அவர் எடுத்தது ஆஸ்திரேலியாவில் அல்ல, கென்யாவில் நட்டு வளர்த்த ஒரு மரத்திலிருந்து. சொந்த ஊரில் லட்சக்கணக்கில் நின்ற மரத்துக்குப் பிழைக்கப் போன ஊரில் வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பாக்டீரியாவின் பெயர் பிராடிரைசோபியம். பிராடி என்றால் கிரேக்கத்தில் மெதுவான. ரைசா என்றால் வேர், பயோஸ் என்றால் உயிர். மெதுவாக வளரும் வேர்வாழி. 1982 வரை இதுவும் ரைசோபியம் என்ற பொதுப் பெயரில்தான் இருந்தது. வளரும் வேகத்தையும் வேறு சில குணங்களையும் பார்த்துத் தனி வீடு வைத்துக் கொடுத்தார்கள்.

அந்த மெதுவில் நான் மூக்கறுபட்ட கதை ஒன்று உண்டு. மதுரையில் நுண்ணுயிரியல் கடைசி வருடம். ஆளுக்கொரு செடியின் வேர்முடிச்சிலிருந்து பாக்டீரியா பிரித்து வளர்க்கவேண்டும். என் தோழி வெந்தயம் எடுத்தாள், நான் நிலக்கடலை. முடிச்சை மேல்தோல் சுத்தம் செய்து, நசுக்கி, பாக்டீரியா வளர்க்கிற ஈஸ்ட் மானிட்டால் தட்டில் தேய்த்து வைத்தோம். மூன்றாம் நாள் அவள் தட்டில் பளபளவென்று, வழித்த நெய் மாதிரிக் குமிழ்கள். என் தட்டு துடைத்து வைத்தது போல் இருந்தது. போச்சு, சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்து எல்லாத் தட்டையும் கொதிகலனில் போட்டுவிட்டேன். மறுவாரம் மேடம் கேட்டார்: "நிலக்கடலைக்கு ஒரு வாரம் ஆகும்னு படிக்கலையா?" படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்திருந்தேன். நிலக்கடலை, தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு எல்லாவற்றிலும் குடியிருப்பது பெரும்பாலும் இந்த மெதுவான் கூட்டம்தான். நம் குடலில் இருக்கிற ஈ. கோலி வசதியான இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இதற்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். வாட்டில் முடிச்சில் இருப்பதும் பெரும்பாலும் இதே கூட்டத்து உறவுதான் என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இரண்டாவது வரிசை, அளவு. பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். எங்கள் வரப்பு மரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடி முதல் நுனிவரை பாக்டீரியாவை வரிசையாக நிற்கவைக்க 75 லட்சம் வேண்டும். இந்தக் கணக்கை அவளே போட்டாள். "சிறியது என்று எழுதினால் போதாதா?" என்று கேட்டதற்கு, "அது எல்லாரும் எழுதுவாங்க" என்றாள்.

சிறியது என்பதால் உள்ளேயும் கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. சோயா மொச்சையில் வாழும் பிராடிரைசோபியம் ஒன்றின் மரபணுத் தொகுதியை 2002இல் ஜப்பானியர்கள் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். 91 லட்சம் எழுத்துகள், எட்டாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்கள். ஈ. கோலியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனிதனுக்கு ஏறத்தாழ 20,000தான். ஒரே மாதிரிச் சூழலில் சாப்பிட்டுத் தூங்கும் கிருமிக்கு இவ்வளவு தேவையில்லை. இதற்கு இரண்டு வாழ்க்கை. செடி கிடைக்காத காலத்தில் மண்ணில் கிடைத்ததைத் தின்று தனியாக வாழத் தெரியவேண்டும். செடி கிடைத்தால் அதன் வேருக்குள் போய்க் குடித்தனம் நடத்தவும் தெரியவேண்டும்.

அந்தக் குடித்தனம் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் இதில் ருசியான இடம். நைட்ரஜனுக்கு ஏங்கும் வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை மண்ணில் கசியவிடும். பக்கத்தில் இருக்கிற பாக்டீரியாவுக்கு அது புரிந்தால், பதிலுக்கு இன்னொரு பொருளை அனுப்பும். இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் செடியே உள்ளே ஒரு குழாய்போட்டு, வா என்று அழைத்துப் போய், ஆயிரமாயிரமாகப் பெருக இடம் கொடுக்கும். நோய்க்கிருமி நுழைவதற்கும் இதற்கும் வெளிப்பார்வைக்கு அதிக வித்தியாசமில்லை. செடியின் சம்மதம் ஒன்றுதான் வித்தியாசம்.

"கல்யாணம் மாதிரியா?" என்றாள். பெரியப்பாதான் பதில் சொன்னார்: "இல்ல, நெலத்த வாரத்துக்கு விடுற மாதிரி."

பெரியப்பா சொன்னது சரி. மரம் சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கித் தருகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்கள் கைகோத்து நிற்கும் பிடி அப்படி ஒரு பிடி. யூரியாவுக்காக அதைப் பிரிக்கத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் சூடும், வளிமண்டலத்தைப்போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டும். இது அதே வேலையை வட்டவடைக் குளிரில், வேரின் கடுகளவு முடிச்சில் செய்கிறது. நைட்ரோஜினேஸ் என்ற நொதிதான் வேலைக்காரன். அதற்கு ஒரே ஒரு ஒவ்வாமை, ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும். பாக்டீரியாவோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும் என்கிறது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க மரம் ஒரு புரதத்தைச் செய்கிறது, லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருப்பதன் தூரத்து உறவு. ஆக்சிஜனைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, நொதி கெடாத அளவுக்கு, பாக்டீரியா மூச்சு முட்டாத அளவுக்கு, துளித்துளியாகக் கொடுக்கும். அவள் உள்ளங்கையில் இருந்த சிவப்பு அதுதான். சிவப்பாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது.

வாரத்துக்கு விட்டால் ஏமாற்று இருக்குமே? இருக்கிறது. சர்க்கரையை வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பாக்டீரியாக்களும் உண்டு. சோயாவில் ஒரு சோதனை செய்து 2003இல் வெளியிட்டார்கள். சில முடிச்சுகளைச் சுற்றிலும் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாவம், அந்தப் பாக்டீரியா நினைத்தாலும் வேலை செய்ய முடியாது. செடிக்கு அது தெரியுமா என்ன, அந்த முடிச்சுகளுக்கு ஆக்சிஜன் வரத்தைக் குறைத்துவிட்டது. உள்ளே பெருக்கம் குறைந்துபோனது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நெலத்துக்காரன் எங்கயும் நெலத்துக்காரன்தான்" என்றார்.

இப்போது அட்டவணையில் 'உணவு' என்ற வரிசையை எப்படி எழுதுவது? மரம் தற்சார்பு, பாக்டீரியா பிறசார்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறபடி எழுதச் சொன்னேன். எழுதினாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தனக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பங்கை இன்னொருவரிடம் வாங்கும் மரத்தைத் தற்சார்பு என்று எப்படிச் சொல்வது? நடுவில் கிழித்த அந்தக் கோட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். வாட்டிலைப் பற்றி ஊரில், பேப்பரில், கோர்ட்டில் பேசுவது எல்லாம் கோட்டுக்கு இடப்பக்கம்தான். எத்தனை ஏக்கரில் மரம், எவ்வளவு வெட்டினோம், எவ்வளவு பாக்கி. வலப்பக்கத்துக்காரன் மண்ணுக்குள் இருப்பதால் கணக்கில் வருவதே இல்லை.

பெரியப்பா அவனைக் கணக்கில் எடுக்காமல் நஷ்டப்பட்டவர். நாலு வருடத்துக்கு முன் மேல்வரப்புக்கு அந்தப் பக்கம் முக்கால் ஏக்கரில் அடர்ந்து கிடந்த வாட்டிலை வெட்டி, வேரைத் தோண்டி, பூண்டு போட்டார். மற்ற வயலுக்குப் போடுகிற அதே உரம், அதே அளவு, அதே எரு. மூன்றாம் மாதம் பார்த்தவர்கள் எல்லாம் கண் வைத்துவிட்டுப் போனார்களாம். தாள் முழங்காலுக்கு மேல் கருகருவென்று நின்றிருக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒன்றுமில்லை. வெங்காயத் தாள் மாதிரி தடித்த கழுத்து, கீழே சுண்டுவிரல் நுனி அளவில் பல். வியாபாரி விலையே சொல்லவில்லை. உரக்கடைக்காரன் விதை சரியில்லை என்றான், விதை கொடுத்தவர் உரம் சரியில்லை என்றார்.

இரண்டுமில்லை. நைட்ரஜனுக்கு நம் விவசாயிகள் வைத்திருக்கும் பெயரே தழைச்சத்து. அது மிஞ்சினால் பூண்டு தழைக்கத்தான் செய்யும், திரளாது. வருடக்கணக்கில் வாட்டில் இலை உதிர்ந்து மக்கிய மண்ணில் தழைச்சத்து ஏற்கெனவே கிடந்தது. அதன் மேல் பெரியப்பா யூரியாவும் தூவியிருக்கிறார். மண் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் சொல்லியிருக்கவேண்டும், அதுவும் உண்மை. மறுவருடம் உரம் போடாமல் முட்டைக்கோஸ் வைத்தார். இலைக்காகத் தின்கிற பயிர் இல்லையா, நன்றாக வந்தது.

பூண்டுக்கு நடந்தது பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் மலைப்புல்வெளிகளின் பிரச்சினை. இந்த மேட்டுப் புல்வெளியின் புல்லும் குறிஞ்சியும் வறட்டு மண்ணுக்குப் பழகியவை. தழைச்சத்து அதிகமான மண் அவற்றுக்கு விருந்து கிடையாது. விருந்துக்கு வருவது வேகமாக வளரும் களைகள்தான். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் ஆஸ்திரேலிய வாட்டில்கள்தான். 1995 முதல் அரசாங்கமே ஆயிரக்கணக்கான பேருக்குக் கூலி கொடுத்து வெட்டவைக்கிறது. வெட்டிய பிறகும் சில இடங்களில் மண்ணில் நைட்ரஜன் வருடக்கணக்கில் குறையவில்லை, பழைய செடிகள் திரும்பவில்லை. மரம் போய்விட்டது, அதன் சமையல் மட்டும் மண்ணில் இருக்கிறது.

அப்புறம் 'தாயகம்' என்று ஒரு வரிசை. மரத்துக்குச் சுலபம், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாவும். வாட்டில் வகைகள் நீலகிரிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். முதலில் விறகுக்கு. அப்புறம் தோல் பதனிட. இதன் காய்ந்த பட்டையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் டானின் என்ற துவர்ப்பொருள். தமிழ்நாட்டுத் தோல் பட்டறைகளில் அதுவரை ஆவாரம்பட்டைதான் ஊறியது. அந்த இடத்தை வாட்டில் பட்டை பிடித்தது, அதுவும் முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. நாமே வளர்த்துக்கொள்ளலாமே என்று மலைப்புல்வெளிகளைத் 'தரிசு' என்று எழுதி வாட்டில் நட்டார்கள். புல்வெளியைத் தரிசு என்று எழுதிய கையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

பாக்டீரியாவின் தாயகம் எது? விதையோடு அது வருவதில்லை. ஆனால் தொட்டிச் செடியாக, வேரில் மண்ணோடு வந்தால் கூடவே வரும். போர்ச்சுகல் கடற்கரை மணலில் பரவிய ஒரு வாட்டிலின் வேர்முடிச்சைச் சோதித்தபோது, உள்ளே இருந்தவை ஆஸ்திரேலிய வம்சத்துப் பிராடிரைசோபியம் என்று மரபணு சொன்னது. மரத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவை. பிறகு அவை அந்த ஊர்ச் செடிகளின் வேரிலும் குடியேற ஆரம்பித்திருந்தன. இன்னொரு பக்கம், கூட்டாளி கூட வராவிட்டாலும் கறுப்பு வாட்டில் பட்டினி கிடக்கும் ஜாதியில்லை. யாரோடும் ஒத்துப்போகும். நம் மண்ணில் தட்டைப்பயறுக்கும் கொழுஞ்சிக்கும் வேலை செய்துகொண்டிருந்த உள்ளூர் மெதுவானையே கூப்பிட்டுக்கொள்ளும். முடிச்சைப் பிளந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. டிஎன்ஏ பார்த்தால்தான் ஊர் தெரியும்.

"அப்போ தாயகத்துல என்ன எழுத?" என்றாள். "எங்கும் மண்ணில் என்று எழுது" என்றேன். மூணாறு பஸ்ஸில் யாராவது மலையாளத்தில் "நாடு எவிடெயா?" (ஊர் எங்கே?) என்று கேட்டால் "வட்டவடை" என்பேன். "அதல்ல, ஸொந்தம் நாடு?" என்று மறுபடி கேட்பார்கள். எங்கள் ஆட்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மரத்தை 'அந்நியன்' என்று எழுதிய போர்டைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெளியும். அதற்காக மரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எனக்கும் புல்வெளிதான் வேண்டும். வார்த்தை உறுத்துகிறது, அவ்வளவுதான்.

'இனப்பெருக்கம்' வரிசையில் பாக்டீரியா பகுதியை ஒரே வரியில் முடித்துவிட்டோம்: இரண்டாகப் பிளக்கும். எது தாய், எது பிள்ளை என்று கேட்க முடியாது. மரத்தின் பகுதிதான் நீண்டது. மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கி உடைத்தோம். பளபளவென்று கறுப்பு விதை, எள்ளைவிடப் பெரியது, பாசிப்பயறைவிட மெலிந்தது. ஒரு முனையில் எறும்புக்குப் பிடித்த ஒரு வெளிர்த் துணுக்கு ஒட்டியிருக்கும். அதற்காக எறும்பு விதையை இழுத்துக்கொண்டுபோய்ப் புற்றுக்குள் வைக்கும், துணுக்கைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடும். பத்திரமாகப் புதைத்தாயிற்று. விதைத்தோல் தண்ணீரே புகாத அளவுக்குக் கெட்டி. பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீ மேலே ஓடினால் தோல் விரிசல் விடும், அடுத்த மழைக்கு மொத்தமாக முளைக்கும்.

எங்கள் ஊருக்கு அருகே பழத்தோட்டம் என்ற இடத்தில் 2019இல் தீப்பிடித்து வாட்டில் காடு எரிந்தது. போய்ப் பார்த்தவர்கள் தொலைந்தது சனியன் என்றார்கள். அடுத்த மழையில் அந்தச் சாம்பலில் பச்சைப் பாய் விரித்ததுபோல் கன்றுகள். தென்னந்துடைப்பத்தை மண்ணில் குத்தி வைத்த மாதிரி நெருக்கம். நல்லவேளை, வனத்துறை அதை அப்படியே விடவில்லை. ஊர்ப் பெண்களைக் கூலிக்கு எடுத்து, கன்றுகளைக் கையால் பிடுங்கவைத்து, அந்த மலையின் சொந்தப் புல்லை நாற்றாக வளர்த்து நட்டார்கள். இப்போது போனால் சரிவில் புல் ஆடுகிறது. ஆனால் பிடுங்குகிற வேலை முடியவில்லை. எங்கள் தெருவில் அந்த வேலைக்குப் போன சித்தி ஒருவர் சொன்னார்: "புல்லு நடுறது ஒருதரம் தாயி. இதப் புடுங்குறதுக்கு எம்பேத்தியும் வரணும்."

வெட்டினால் போதும் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில், பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பல ஆண்டுகள், மலை மடிப்புகளில் வளரும் சோலைக்காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்து நட்டு வாழ்ந்தார்கள். பழனி மலையின் பழைய வாட்டில் தோட்டங்களுக்குள், நிழலில், சோலை மரங்கள் தாமாக முளைத்து வருவதை அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரே வீச்சில் வாட்டிலை வெட்டிச் சாய்த்தால் அந்தக் கன்றுகளும் நசுங்கும், வெயில் பட்டு வாட்டில் விதைதான் முளைக்கும். நானே பாம்பாடும்சோலை ஓரத்தில் வாட்டிலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தலைதூக்குவதைப் பார்த்திருக்கிறேன். புல்வெளியாக இருந்த இடத்தில் புல்லும், சோலையாகப் போகிற இடத்தில் நிழலும் என்று இடத்துக்கு இடம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை இது. டெண்டர் விட்டு முடிக்கிற வேலை இல்லை.

அட்டவணை பத்து வரிசையில் முடிந்தது. 'ஒற்றுமை' என்று கேட்கவில்லையே என்று கடைசியில் வருத்தப்பட்டாள். மார்க் எட்டு. பாக்டீரியா ஊரில் 'காணப்படும்' உயிரினம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது என்று இரண்டைக் கழித்துவிட்டாராம் டீச்சர்.

அந்தக் கோபத்தில் அவள் ஒரு சோதனை செய்தே தீருவேன் என்றாள். நான் தேனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஏற்பாடு செய்தோம். பொறுக்கிய விதைகளை டம்ளரில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை விட்டோம். தீக்குப் பதில் வெந்நீர். மூன்று வாளி மண். ஒன்று வாட்டில் அடியில் அள்ளியது. இன்னொன்று வீட்டுக்குக் கீழே இருக்கும் பூண்டு வயலிலிருந்து. மூன்றாவது ஆற்று மணல், அதைக் கழுவி, கடலை வறுக்கிற சட்டியில் அரைமணி நேரம் வறுத்தோம். அம்மா திட்டினார். ஒவ்வொரு வாளியிலும் ஆறு விதை. மணல் வாளிக்கு மட்டும் காய்ச்சி ஆறிய தண்ணீர்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸாப்பில் படங்கள் வந்தன. வறுத்த மணலில் கன்றுகள் விரலளவு, மஞ்சள், வேரில் ஒன்றுமில்லை. வாட்டில் மண்ணில் நல்ல பச்சை, ஒரு கன்றின் வேரில் பதினொரு முடிச்சு, எண்ணி வட்டம் போட்டிருந்தாள். பூண்டு வயல் மண்ணில் வந்ததுதான் எல்லாவற்றையும்விட உயரம், எல்லாவற்றையும்விடக் கரும்பச்சை. அதன் வேரில் வெள்ளையாக, சின்னதாக, இரண்டே முடிச்சு. "இது ஏன் அத்தை? பாக்டீரியா இல்லையா?" என்று கேட்டிருந்தாள். பாக்டீரியா இல்லாமல் இருக்காது. பெரியப்பா போட்ட யூரியா அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் சோறு இருக்கும்போது மரம் எதற்குச் சர்க்கரை செலவழித்து ஆள் கூப்பிடும்? தழைச்சத்து நிறைந்த மண்ணில் வேர் அந்த அழைப்பை வெகுவாகக் குறைத்துவிடும். போனில் இதை விளக்கினேன். பெரியப்பா பக்கத்திலிருந்து, "பாத்தியா, மரத்துக்குத் தெரியிது, எனக்குத் தெரியல" என்று சொன்னது கேட்டது.

சோதனை முடிந்த கன்றுகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். கெட்டிக்காரி. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெந்நீரில் போட்டது ஒரு கைப்பிடி விதை. வாளிக்குப் போனது பதினெட்டு.

"மீதி விதையை என்ன பண்ணின?"

"அன்னைக்கே டம்ளரோட வாசல்ல ஊத்திட்டேனே அத்தை."